ஆய்வக அறிக்கை கையில் இருக்கிறது. முகப்பரு க்ரீமை விற்கலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

பல ஆண்டுகளாக வீட்டிலேயே சோப்பும் க்ரீமும் தயாரித்து, வாட்ஸ்அப் வழியாகத் தெரிந்தவர்களுக்கு விற்றுவருகிறார். கஞ்சாச் செடியில் உள்ள, போதை தராத கன்னாபிடியால் என்னும் பொருள், அதாவது சிபிடி, முகப்பருவுக்கு நல்லது என்று படித்துவிட்டு இணையத்தில் 50 கிராம் வெள்ளைப் பொடியை வாங்கியிருக்கிறார். க்ரீமிலும் சோப்பிலும் அதை 1 சதவீதம் சேர்க்கிறார். விற்றவரிடம் ஆயுஷ் உரிமம் இருக்கிறது. இலையிலிருந்து எடுத்தது என்பதால் சட்டச் சிக்கல் எதுவும் வராது என்று அவர் உறுதி கூறியிருக்கிறார். வாசகி ஒரு தனியார் ஆய்வகத்தில் அந்தப் பொடியை மனிதத் தோல் செல்கள்மீது சோதிக்கச் செய்தார். 10 மைக்ரோமோலார் அளவில், அழற்சியைக் காட்டும் ஐஎல்-8 என்னும் புரதம் 40 சதவீதம் குறைந்ததாக அறிக்கை வந்திருக்கிறது. முப்பரிமாணத் தோல் மாதிரியில் சுருக்கத் தடுப்புச் சோதனையும் செய்து தருவதாகச் சொல்லி, அதே ஆய்வகம் இப்போது 2 லட்சம் ரூபாய் கேட்கிறது. பதினாறு வயதான அக்காள் மகள் மூன்று வாரம் க்ரீமைப் பூசியதில் பரு குறைந்திருக்கிறது. சோப்பு மட்டும் சில வாரங்களில் இளம் ஊதா நிறத்துக்கு மாறுகிறது. அந்த நிறம் பலருக்குப் பிடித்திருப்பதாக மகிழ்ச்சியோடு எழுதுகிறார். சிங்கப்பூரில் உள்ள தோழி 20 டப்பா கேட்டிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. "முகப்பருவைக் குணப்படுத்தும், ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று அட்டையில் அச்சிடலாமா? அந்த 2 லட்சத்தைச் செலவிடலாமா? விலங்குச் சோதனைதான் இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டதே, இனி வேறு பாதுகாப்புச் சோதனை எதற்கு? தோழிக்கு அனுப்பலாமா?

அன்புச் சகோதரி,

சிறு தொழில் செய்யும் ஒருவர் விற்பனைக்கு முன் ஆய்வகத்தின் கதவைத் தட்டுவது அரிது. நீங்கள் தட்டியிருக்கிறீர்கள், அறிக்கையின் எல்லாப் பக்கங்களையும் மறைக்காமல் எனக்கு அனுப்பியும் இருக்கிறீர்கள். ஆகவே நானும் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன். அந்த வாசகத்தை அச்சிடாதீர்கள். அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். தோழிக்கு ஒரு டப்பாகூட அனுப்பாதீர்கள். பாதுகாப்புச் சோதனைகள் கட்டாயம் தேவை. சட்ட நிலை தெளிவாகும்வரை சிபிடி சேர்த்த எதையும் விற்காமலிருப்பதே உங்களுக்கு நல்லது. இனி காரணங்களைச் சொல்கிறேன்.

அறிக்கையில் இருப்பது என்ன?

உங்கள் பொடியைச் சோதித்தது ஹாக்காட் என்னும் செல் வகையில். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் உருவாக்கப்பட்டு 1988 இல் வெளியுலகுக்கு அறிமுகமான இந்தச் செல்கள் தாமாகவே ஓயாது பெருகும் தன்மை பெற்றவை. மலிவாகக் கிடைக்கும், ஒரே சீராக வளரும் என்பதால் உலகெங்கும் தோல் ஆய்வகங்களில் பயன்படுகின்றன. ஆனால் அவை 96 குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டின் அடியில், ஊட்டத் திரவத்தில் மூழ்கி, ஒற்றை அடுக்காக ஒட்டிக் கிடப்பவை. நம் முகத்தில் எந்தப் பொருளையும் முதலில் தடுத்து நிறுத்தும் மேற்படலமான இறந்த செல்களின் அடுக்கு அவற்றுக்குக் கிடையாது. எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, இரத்த நாளம் கிடையாது, பரு உண்டாவதில் பங்குள்ள பாக்டீரியாவும் கிடையாது. அந்தக் குழிக்குள் போனதும் உங்கள் க்ரீம் அன்று. டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைத்த பொடி மட்டுமே போயிருக்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில், மாதிரியின் விவரம் என்ற கட்டத்தில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

ஆறாம் பக்கத்து அட்டவணையை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். 10 மைக்ரோமோலார் அளவுக்கு எதிரே, ஐஎல்-8 கட்டத்தில் 60 என்றும், செல் உயிர்ப்பு என்ற கட்டத்தில் 71 என்றும் இருக்கிறது. மருந்து சேராத செல்களை 100 என்று வைத்தால், மருந்து சேர்ந்த குழிகளில் உயிரோடு இருந்தவை ஏறக்குறைய 71 பங்குதான். ஐஎல்-8 ஐச் சுரப்பவையே அந்தச் செல்கள்தாம். செல்கள் குறைந்தால் சுரப்பும் குறையத்தானே செய்யும்? 60 ஐ 71 ஆல் வகுத்தால் 0.845 வரும், அதாவது உயிரோடு இருக்கும் ஒரு செல் அளவில் பார்த்தால் குறைவு 40 சதவீதம் இல்லை, 15 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் 40 என்று போட்ட ஆய்வகம், இந்த வகுத்தலைச் செய்து காட்டவில்லை. பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுத்தவர் விரும்பும் எண்ணைப் பெரிதாகவும் மற்ற எண்ணைச் சிறிதாகவும் அச்சிடுவது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது.

அந்த 71 கூட அப்படியே நம்பத்தக்கதில்லை. செல் உயிர்ப்பை அளக்க அவர்கள் பயன்படுத்தியது எம்டிடி சோதனை. மஞ்சள் நிறச் சாயம் ஒன்றை உயிருள்ள செல்கள் ஊதா நிறப் படிகமாக மாற்றும். படிகத்தைக் கரைத்து, ஊதா எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று ஒளி அளவியில் படிப்பார்கள். சிபிடி தானே ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்பதால், செல்லின் துணை இல்லாமலேயே அந்தச் சாயத்தை ஓரளவு ஊதாவாக்கிவிடக்கூடும். அப்படி நடந்தால் இறந்த செல்லும் உயிருள்ளதாகக் கணக்கில் ஏறும். இதைக் கண்டுபிடிக்க, செல்லே இல்லாத குழியில் பொடியையும் சாயத்தையும் மட்டும் போட்டு ஒரு சரிபார்ப்பு செய்ய வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்தச் சரிபார்ப்பைக் காணவில்லை. ஆய்வகத்திடம் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை, நீங்கள்தான் கட்டணம் செலுத்தியவர். "மூன்று முறை செய்தது" என்று எழுதியிருப்பது ஒரே தட்டின் மூன்று குழிகளா, வெவ்வேறு நாள்களில் செய்த மூன்று தனிச் சோதனைகளா என்பதையும் கேளுங்கள்.

இனி அளவைப் பாருங்கள். 10 மைக்ரோமோலார் என்பது, சிபிடியின் மூலக்கூறு எடை 314 என்ற கணக்கில், ஒரு மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குச் சற்றே கூடுதல். உங்கள் 1 சதவீத க்ரீமில் ஒரு கிராமுக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. மூவாயிரம் மடங்குக்கும் மேல். இதில் எவ்வளவு மேற்படலத்தைக் கடந்து உயிருள்ள செல்களைச் சென்றடையும்? சிபிடி கொழுப்பில் மிக எளிதாகவும் நீரில் மிகக் குறைவாகவும் கரையும் பொருள் என்பதால், பெரும்பகுதி மேற்படலத்திலேயே தங்கிவிடும் தன்மை உடையது. செல்லைச் சென்றடையும் அளவு மிகக் குறைவாக இருந்தால் பயன் இராது. மிக அதிகமாக இருந்தால் உங்கள் ஆறாம் பக்கமே எச்சரிப்பது போலச் செல்கள் பாதிக்கப்படும். உங்கள் க்ரீம் இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதற்கு அறிக்கையில் விடை இல்லை, ஏனெனில் அந்தக் கேள்வியை ஆய்வகத்திடம் யாரும் கேட்கவில்லை.

நல்ல ஆய்வுக்குப் பிறகும் நடந்தது

நீங்கள் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் 2014 இல் ஹங்கேரியின் டெப்ரெட்சன் பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வைத்தான் சுற்றி வருகின்றன. அது தரமான ஆய்வு. 87 வயதுப் பெண் ஒருவரின் முகத் தோலிலிருந்து உருவாக்கப்பட்ட எஸ்இசட்95 என்னும் எண்ணெய்ச் சுரப்பிச் செல்களில், அளவுக்கு மீறிய எண்ணெய் உற்பத்தியைச் சிபிடி கட்டுப்படுத்துவதையும், அழற்சியைத் தணிப்பதையும், அது எந்த வழியில் நடக்கிறது என்பதையும் அவர்கள் படிப்படியாகக் காட்டினார்கள். செல்லோடு நிற்காமல், உடலுக்கு வெளியே வளர்க்கப்பட்ட மனிதத் தோல் துண்டுகளிலும் சோதித்தார்கள். உங்கள் அறிக்கையைவிடப் பல படிகள் மேலானது.

அதன் பிறகு, பொட்டானிக்ஸ் என்னும் ஆஸ்திரேலிய நிறுவனம் சிபிடியை முகப்பருவுக்கான பூச்சு மருந்தாக்கி, அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 300 க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்தது. 2019 இல் வெளிவந்த முடிவில், சிபிடி பூசியவர்களுக்குப் பரு குறைந்தது உண்மை. சிபிடி இல்லாத வெறும் பூச்சைப் பூசியவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது. இரண்டுக்கும் இடையே, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத வேறுபாடு இல்லாததால் சோதனை தன் முதன்மை இலக்கை எட்டவில்லை.

உங்கள் அக்காள் மகளின் முகத்தை இந்த முடிவோடு சேர்த்துத்தான் நான் பார்க்கிறேன். முகப்பரு ஏறி இறங்கும் தன்மை உடையது. மாதவிடாய்ச் சுழற்சி, தேர்வு, தூக்கம், முகம் கழுவும் ஒழுங்கு என்று எத்தனையோ காரணங்களால் மூன்று வாரத்தில் குறையலாம். பெரும்பாலோர் பரு மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் புதிய க்ரீமைத் தொடங்குகிறார்கள் என்பதால், அதன்பின் குறைவதற்கு வாய்ப்பும் அதிகம். சிபிடி சேராத உங்கள் பழைய க்ரீமே அவளுக்கு அந்தப் பலனைத் தந்திருக்கலாம். அவள் இன்னும் பதினெட்டு வயது நிரம்பாதவள். தூய்மை உறுதி செய்யப்படாத ஒரு பொடியை வளரும் பெண்ணின் முகத்தில் தொடர்ந்து பூசுவதை இன்றே நிறுத்துங்கள். சித்தியின் க்ரீம் என்ற நம்பிக்கையில் அவள் அரிப்பையோ எரிச்சலையோ சொல்லாமலும் விட்டிருக்கலாம். பக்கத்தில் உட்காரவைத்துப் பக்குவமாகக் கேளுங்கள். பரு தழும்பாகும் வகையாக இருந்தால் தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெடுநாள் ஆய்வுக்கு உட்பட்ட, செலவு குறைந்த மருந்துகள் இருக்கின்றன.

ஊதாச் சோப்பு

உங்களுக்கு மகிழ்ச்சி தந்த அந்த ஊதா நிறம் எனக்குக் கவலை தருகிறது. சிபிடி காரத் தன்மையுள்ள சூழலில் காற்றோடு சேரும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து, ஹைட்ராக்சிகுவினோன் வகைப் பொருளாக மாறும். அது காரத்தில் ஊதா நிறம் காட்டும். கஞ்சாவைக் கண்டறியப் பழங்காலத்து வேதியியலாளர்கள் பயன்படுத்திய பீம் சோதனை என்பதே இந்த நிறமாற்றம்தான். வீட்டில் காய்ச்சும் சோப்பு 9 அல்லது 10 பிஎச் அளவில் நிற்கும் காரப் பொருள். ஆகவே பெரும்பாலும், நீங்கள் விலை கொடுத்து வாங்கிய சிபிடி சோப்புக் கட்டிக்குள்ளேயே சிதைந்து, பாதுகாப்புத் தெரியாத வேறொரு பொருளாகிக்கொண்டிருக்கிறது. சிதையாத மிச்சமும் ஒரு நிமிடத்தில் தண்ணீரோடு போய்விடும். சோப்பில் சிபிடி சேர்ப்பதில் எனக்குத் தெரிந்து எந்தப் பயனும் இல்லை. அந்தத் தொகுதியில் விற்காமல் இருப்பவற்றை ஒதுக்கி வையுங்கள். வாங்கியவர்களுக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நிறம் பிடித்தவர்கள் சிலர் வருத்தப்படுவார்கள், பரவாயில்லை.

சட்டத்தில் நீங்கள் நிற்கும் இடம்

பொடி விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அங்கேதான். 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், கஞ்சா என்று வரையறுப்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை. நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. பிசினும் அதன் கலவைகளும் உள்ளே வருகின்றன. ஆனால் சிபிடி செறிந்திருப்பது பூ நுனிகளில்தான். வெள்ளைப் பொடியைப் பார்த்து, அது இலையிலிருந்து வந்ததா பூவிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. மூலப்பொருள் வாங்கியதற்கான ஆவணத் தொடர்ச்சி மட்டுமே அதற்குச் சான்று. அந்த ஆவணம் உங்களிடம் இல்லை. போதை தரும் டிஎச்சி அந்தப் பொடியில் கலந்திருந்தால், அது மனமயக்கப் பொருள்களின் பட்டியலில் தனியாகவே இடம்பெற்றிருப்பது. மேலும், இலை மத்தியச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே இருப்பதால் எங்கும் தடையின்றிக் கையாளலாம் என்று பொருளில்லை. மாநிலங்களின் மதுவிலக்கு, கலால் சட்டங்கள் தனியே இருக்கின்றன.

விற்றவரின் ஆயுஷ் உரிமம் அவருக்குரியது. அது சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்பதற்கான உரிமம். கஞ்சா இலை சேர்ந்த மருந்துகள் அந்த முறைகளில் உண்டு. மருத்துவக் கண்காணிப்பில் எடுக்கவேண்டிய நச்சுப் பொருள்களின் பட்டியலில் அவை வருகின்றன. நீங்கள் தயாரிப்பது அழகுசாதனம். அதற்கு 1940 ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனங்கள் சட்டமும் 2020 ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் பொருந்தும். வீட்டில் தயாரித்து விற்றாலும் மாநில உரிம அதிகாரியிடம் தயாரிப்பு உரிமம் பெற வேண்டும். சிபிடி இருக்கட்டும், உங்கள் சாதாரணச் சோப்புக்கே அந்த உரிமம் இருக்கிறதா என்று கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவில்லை. இல்லையென்றால் அதுதான் முதல் வேலை.

"முகப்பருவைக் குணப்படுத்தும்" என்ற வாசகம் இந்த இடத்தில்தான் சிக்கலாகிறது. சட்டத்தின் பார்வையில் அழகுசாதனம் என்பது சுத்தம் செய்யவும், அழகூட்டவும், தோற்றத்தை மாற்றவும் பயன்படுவது. ஒரு நோயைக் குணப்படுத்துவதாகச் சொன்ன கணத்தில் உங்கள் டப்பா மருந்தாகிவிடுகிறது. மருந்து உரிமம் இல்லாமல் மருந்து விற்ற குற்றம் வந்து சேரும். "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்பதைத் தனியே அச்சிட்டாலும், சோதிக்கப்பட்டது க்ரீம் அன்று என்பதால் தவறான எண்ணத்தை உண்டாக்கும் வாசகமாகவே அது கருதப்படும்.

ஐரோப்பியக் கடைகளில் சிபிடி க்ரீம் கிடைக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். 2020 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரான சிபிடியை ஐ.நா. ஒப்பந்தத்தின் பொருளில் போதைப்பொருளாகக் கருத முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர், செடியிலிருந்து எடுத்த சிபிடியும் அங்குள்ள அழகுசாதன மூலப்பொருள் தரவுத்தளத்தில் இடம்பெற்றது. அது ஐரோப்பிய நிலை. கிழக்கே வந்தால் நிலைமை தலைகீழ்: சீனா 2021 இல் அழகுசாதனங்களில் சிபிடியைத் தடை செய்தது, ஹாங்காங் 2023 பிப்ரவரி 1 முதல் அதை அபாயகரமான போதைப்பொருள்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடிபட்டால் முதலில் மாட்டிக்கொள்பவர் பெறுநராகிய உங்கள் தோழி. "நீ வரும்போது எடுத்துப் போ" என்றும் சொல்லாதீர்கள்.

விலங்குச் சோதனை தடைக்குப் பிறகு என்ன மிச்சம்?

இந்தியா 2014 இல் அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது. முயலின் கண்ணிலும் கினிப் பன்றியின் முதுகிலும் செய்ததை இனிச் செய்யக்கூடாது என்பதே அதன் பொருள். பொருள் பாதுகாப்பானதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்கு விடை தர, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடி வகுத்த, விலங்குகளைப் பயன்படுத்தாத சோதனைகள் இருக்கின்றன. உங்களைப் போன்ற ஒரு தயாரிப்பாளருக்கு அவற்றின் வரிசைதான் முக்கியம்.

முதலில் பொடி. தொகுதி எண் பொருந்தும் பகுப்பாய்வுச் சான்று வேண்டும். ஆய்வகங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நீங்களே ஒரு முறை சோதித்துக்கொள்ள வேண்டும். சிபிடி அளவு, டிஎச்சி அளவு, கன உலோகங்கள், பூச்சிக்கொல்லி எச்சம், கரைப்பான் எச்சம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். டிஎச்சி "கண்டறியப்படவில்லை" என்றிருந்தால், எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்ற எண்ணையும் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. இது வீண் சந்தேகம் இல்லை. 2022 இல் வெளிவந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், அமெரிக்காவில் வாங்கிய 105 சிபிடி பூச்சுப் பொருள்களைச் சோதித்தபோது, அளவு குறிப்பிட்டிருந்தவற்றில் நான்கில் ஒன்றுதான் அட்டையில் சொன்ன அளவை ஒட்டி இருந்தது. மொத்தத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் டிஎச்சி இருந்தது.

அடுத்து, முடிந்த க்ரீம். அறை வெப்பத்திலும் கூடுதல் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வைத்து, சிபிடி சிதைகிறதா, க்ரீம் பிரிகிறதா, கிருமி வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுத் தயாரிப்பு க்ரீம்களில் நான் அதிகம் அஞ்சுவது இந்தக் கிருமியைத்தான். தண்ணீர் சேர்ந்த எந்த க்ரீமும் சரியான பதப்படுத்தி இல்லாமல் பாக்டீரியாவுக்குத் தொட்டில்.

மூன்றாவது, எரிச்சலும் ஒவ்வாமையும். எரிச்சலுக்கு ஓஇசிடி 439 என்னும் சோதனை உண்டு: மனிதச் செல்களிலிருந்து வளர்த்தெடுத்த, மேற்படலத்தோடு கூடிய தோல் திசுவின்மீது பொருளை நேரடியாகப் பூசி, கழுவி, பின்னர் செல் உயிர்ப்பை அளப்பார்கள். 50 சதவீதமோ அதற்குக் கீழோ வந்தால் அது எரிச்சலூட்டி. ஆய்வகம் உங்களிடம் விற்க முயலும் முப்பரிமாண மாதிரி ஏறக்குறைய இதே திசுதான். சுருக்கத் தடுப்புக்குப் பதிலாக எரிச்சல் சோதனைக்கு அதைப் பயன்படுத்தினால் கொடுக்கும் பணத்துக்குப் பொருள் உண்டு. ஒவ்வாமைச் சோதனைகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓஇசிடியின் 442இ வரிசையில் வரும் செல் சோதனை ஒன்று, கொழுப்பில் அதிகம் கரையும் பொருள்களில் தவறுதலாக "ஒவ்வாமை இல்லை" என்று காட்டிவிடக்கூடியது. சிபிடி அத்தகைய பொருள் என்பதால், அந்த ஒரு சோதனையின் நல்ல முடிவை மட்டும் நம்பி அமர்ந்துவிடக் கூடாது.

பிறகு ஊடுருவல் சோதனை. ஃப்ரான்ஸ் செல் (Franz cell) எனப்படும் கண்ணாடிக் கருவியில், தானமாகக் கிடைத்த மனிதத் தோலையோ பன்றித் தோலையோ இரு அறைகளுக்கு நடுவே இறுக்கி, மேலே க்ரீமைப் பூசி, தோலின் மேற்பரப்பை 32 டிகிரியில் வைத்து, 24 மணி நேரம் வரை கீழறைத் திரவத்தை எடுத்து அளப்பார்கள். கீழறையில் வெறும் உப்புநீரை வைத்தால், சிபிடி அதில் கரையாது என்பதாலேயே "ஊடுருவல் பூஜ்ஜியம்" என்று முடிவு வந்துவிடும். கீழறையில் என்ன திரவம், தோலின் ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு தங்கியது என்ற இரண்டையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள். இரத்தத்தை எட்டும் அளவு முக்கியமாவது ஏனென்றால், வலிப்பு நோய்க்குச் சிபிடியை அதிக அளவில் வாய்வழி கொடுக்கும்போது கல்லீரல் நொதிகள் உயர்வது தெரிந்த பக்கவிளைவு. தோல் வழியே அந்த அளவு போகாது. ஆனாலும் உடல் முழுக்கத் தினமும் பூசுபவருக்கும் கணக்குப் போட்டுத்தான் பாதுகாப்பு மதிப்பீட்டாளர் கையெழுத்திட வேண்டும்.

இவை அனைத்தும் தேறிய பின்பே மனிதர்கள். தோல் மருத்துவர் மேற்பார்வையில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, விவரம் அறிந்து கையெழுத்திட்ட வயதுவந்தவர்களிடம், தோலின் சிறு பகுதியில் மட்டும் வைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட். பலன் இருப்பதாகச் சொல்ல விரும்பினால், சிபிடி உள்ள க்ரீமையும் இல்லாத அதே க்ரீமையும் யாருக்கு எது என்று தெரியாமல் பிரித்துக் கொடுத்து ஒப்பிட வேண்டும். பொட்டானிக்ஸ் சோதனையில் சிபிடி தோற்றது அந்த ஒப்பீட்டில்தான்.

உங்கள்முன் உள்ள வழிகள்

இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு வீட்டுத் தொழிலுக்குத் தாங்காது என்பதை அறிந்தே எழுதுகிறேன். என் கருத்தில் முதல் வழி, சிபிடியை விட்டுவிட்டு, தயாரிப்பு உரிமம் பெற்று, வைட்டமின் பி3 இன் ஒரு வடிவமான நியாசினமைடு போன்ற பழகிய மூலப்பொருளில் ஒரு நல்ல க்ரீம் செய்வது. "எண்ணெய்ப் பசையைக் குறைத்துக் காட்டும்" என்ற அளவில் அழகுசாதன வாசகமாகவே அதை விற்கலாம். செடியின் பெயர் உங்களுக்கு வணிக ரீதியாக முக்கியம் என்றால் விதை எண்ணெய் இருக்கிறது. விதை சட்ட வரையறைக்கு வெளியே நிற்பது. ஆனால் விதை எண்ணெயில் சிபிடி ஏறக்குறைய இல்லை. சிலர் அதையே சிபிடி எண்ணெய் என்று விற்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

இரண்டாவது வழி, சிபிடியில்தான் உங்கள் ஆர்வம் என்றால், உரிமம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருந்து நிறுவனத்தோடு இணைந்து அதை மருந்தாகவே முறைப்படி உருவாக்குவது. நேரம் எடுக்கும், உரிமையும் பெரும்பாலும் அவர்களிடமே போகும். மூன்றாவது, அழகுசாதனமாகத்தான் வேண்டும் என்றால், மூலப்பொருளின் ஆவணங்களைச் சேர்த்து மாநில உரிம அதிகாரியிடம் எழுத்துமூலமாகக் கேட்டு, எழுத்துமூலமான பதிலுக்குக் காத்திருப்பது. தொலைபேசியில் "செய்யுங்கம்மா, ஒன்றும் ஆகாது" என்று யார் சொன்னாலும் அது நாளை உங்களுக்குத் துணை நிற்காது. மூன்றாவது வழியில் இறங்குமுன், போதைப்பொருள் சட்ட வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

மீதமுள்ள பொடியைப் பற்றியும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள். அதுவரை யாருக்கும் கொடுக்க வேண்டாம், விற்க வேண்டாம், கூரியரில் திருப்பி அனுப்பவும் வேண்டாம். வாங்கிய ரசீது, விற்றவரின் உரிம நகல், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் உறுதிமொழிகள், உங்கள் ஆய்வக அறிக்கை ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்து, முதல் சந்திப்பிலேயே அவரிடம் காட்டுங்கள்.